நாரைத்தாங்கலில் மேளம் கிடையாது

வேதவல்லியிடம் இரண்டு பைனாகுலர்கள் இருந்தன. ஒன்று வாடகைக்கு. சரணாலயம் பார்க்க வருகிறவர்கள் ஏரிக்கரையில் அவள் குடை நட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் நாரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். இன்னொன்று அவளுடைய சொந்த உபயோகத்துக்கு. அது நாரையைப் பார்த்ததைவிட நாரைத்தாங்கலைப் பார்த்ததுதான் அதிகம். மேல்தெருவில் யார் வீட்டு வாசலில் எந்த ஊர் வண்டி நிற்கிறது, எந்த வீட்டில் புது பீரோ இறங்குகிறது, கரைமேல் கைகோத்து நடக்கிற ஜோடியில் பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறதா இல்லையா, எல்லாம் அந்தக் கண்ணாடி வழியாக வந்து சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். ஊர் அவளைத் திட்டும். திட்டிவிட்டு, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று பக்கத்தில் வந்து உட்காரும்.

அப்படிப்பட்டவள் ஒரு சங்கதியை இருபத்தோரு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். ஊர் பயந்துபோயிற்று. வாதம் கீதம் வந்து பேச்சு நின்றுவிட்டதோ என்று எதிர்வீட்டுச் சகுந்தலா இரண்டு தடவை வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

சங்கதி இன்னது என்று சொல்வதற்கு முன்னால் ஊரின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாரைத்தாங்கல் ஏரிக்கு நடுவே, தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் நத்தைகுத்தி நாரைகள் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். அவை இறங்கிய நாளிலிருந்து குஞ்சு பறக்கிற மாசி வரைக்கும் ஊரில் சத்தம் கூடாது. சர்க்கார் வந்து சரணாலயம் என்று போர்டு நடுவதற்கு முன்னாலேயே ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம் இது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்போடு சரி. கல்யாணம் என்றால் டவுனில் மண்டபம் பிடித்து, மொத்த ஊரும் வேன் ஏறிப் போய், அங்கே ஸ்பீக்கர் வைத்துக் காதைக் கிழித்துக்கொண்டு திரும்பி வரும். மதகைக்கூடத் திறக்க மாட்டார்கள். மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் காட்டுப்பூனை ஏறாது.

சாவுக்கு மட்டும் டவுனில் மண்டபம் கிடைக்காதே. சீசனில் செத்தவர் சத்தமில்லாமல்தான் போக வேண்டும். சங்கு இல்லை, மேளம் இல்லை, சரவெடி இல்லை. பெண்கள் முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு அழுவார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால், தூங்குகிற யாரையோ எழுப்பாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நினைப்பார்.

இந்தச் சட்டத்துக்கு வேதவல்லிதான் சம்பளமில்லாத போலீஸ். பல வருடம் முன்பு சகுந்தலாவின் புருஷன் செத்த அன்று, சகுந்தலாவின் வாயிலிருந்து முந்தானை நழுவி ஒரு கேவல் வெளியே வந்துவிட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அந்த முந்தானையை மறுபடி வாயில் திணித்தவள் வேதவல்லி. "குஞ்சு பொரிச்சிருக்குதுடி, அடக்கிக்கோ" என்றாள். சகுந்தலா அதை மறக்கவில்லை. மறந்தவளைப்போல எதிர்வீட்டில் குடியிருக்கிறாள்.

பிறகு மூன்று வருடம் மழை பொய்த்தது. ஏரியில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்தது. நாரை வரவில்லை. முதல் வருடம் ஊர் வருத்தப்பட்டது. இரண்டாம் வருடம் பட்டாசு வாங்கியது. மூன்றாம் வருடம் கல்யாணங்களை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இதுவும் வசதியாகத்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டது. நாலாம் வருடம் நல்ல மழை, ஏரி தளும்பியது, அப்போதும் நாரை இல்லை. அந்த வருடம் ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி விடியலில், மாடியில் நின்று யார் வீட்டுப் பக்கமோ பைனாகுலரைத் திருப்பப் போன வேதவல்லியின் கண்ணில், வழியில் ஏரி பட்டது. மரங்கள் வெள்ளைவெளேரென்று இருந்தன.

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கத்தவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி, திறந்தவர் காதில் வாயை வைத்து, "வந்துட்டுதுங்க, நம்ம நாரைங்க வந்துட்டுதுங்க" என்று சொன்னாள். அவள் வாயால் ஊர் கேட்ட சேதிகளில் யாரையும் புண்படுத்தாதது அது ஒன்றுதான். அன்றைக்கே கடைக்காரர் மிச்சமிருந்த பட்டாசைக் கட்டிப் பரண்மேல் போட்டார். வழக்கம் திரும்பி வந்தது.

பன்னிரண்டாம் நாள் வேதவல்லியின் மகன் யுவராஜ் செத்துப்போனான்.

சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் யுவராஜுக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டாம். மேளத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுவான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டும் வரைக்கும் ஆடுவான். சுடுகாடு வரை ஆடிவிட்டு, தலையில் சாமந்தி இதழோடு வீட்டுக்கு வருவான்.

"செத்தது யார்ரா?" என்று வேதவல்லி கேட்பாள். அவளுக்கு விவரம் வேண்டும்.

"தெரியலம்மா. நல்ல மனுஷனாத்தான் இருந்திருப்பாரு. எத்திராஜண்ணன் இன்னா அடி அடிச்சாருன்ற."

"பேரு தெரியாத பொணத்துக்கு ஆடிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

"பேரு தெரிஞ்சா அழுவை வரும்மா. ஆட முடியாது." சொல்லிவிட்டுச் சிரிப்பான். "நான் மட்டும் சீசன்ல செத்துடக் கூடாது. வைகாசியாப் பாத்துச் சாவணும்."

"வாயிலயே போடுவேன்."

கார்த்திகை நாலாம் தேதி, லாரி ஒன்று அவனுடைய பைக்கை இடித்தது. வைகாசி வரை காத்திருக்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மறுநாள், மேளக்காரர் காட்டூர் எத்திராஜ் மூன்று ஆட்களோடு ஷேர் ஆட்டோவில் வந்து ஊர் எல்லையில் இறங்கி நின்றார். யாரும் கூப்பிடவில்லை. "அக்கா, எல்லையத் தாண்டி வரல. இங்கருந்தே ஒரு சுத்து அடிச்சிட்டுப் போயிடறேன். அவனுக்கு நான் அடிக்காம வேற யாருக்கா அடிப்பாங்க?" என்றார். ஊர் மொத்தமும் வேதவல்லியின் முகத்தைப் பார்த்தது. சகுந்தலாவும் பார்த்தாள். வேதவல்லி சரி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒருவர்கூடத் தடுத்திருக்க மாட்டார்.

"முட்டை வச்சிருக்குதுங்க. எடுத்துட்டுப் போயிடுப்பா" என்றாள் வேதவல்லி. யாரும் திணிக்காமல் முந்தானையைத் தானே எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பெத்த பிள்ளைக்கே வழக்கத்தை மீறாதவள் என்று நாலு வருடமாக ஊர் சொல்லிவருகிறது. அவளைப் பிடிக்காதவர்களும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் கையை ஊன்றித்தான் அவள் எழுந்தாள், குடை நட்டாள், மறுபடியும் அடுத்த வீட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இனிச் சங்கதிக்கு வரலாம்.

இந்த வருடம் ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஒருநாள், மாடிக்கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த வேதவல்லிக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. துணி சுத்தமாக இருந்தது. ஏரிக்குப் போகிற நாரைக்கூட்டம் அவள் மாடிக்கு நேர் மேலேதான் பறக்கும். அந்தக் காலத்தில் சீசன் வந்தால் வெள்ளைத் துணி போட முடியாது. பச்சைப் புடவையிலும் சுண்ணாம்புக் கோலம் போட்டுவிட்டுப் போகும். இவள் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே துவைப்பாள். யோசித்துப் பார்த்தால், நாலு வருடமாக ஒரு பொட்டுகூட விழவில்லை. தெய்வ கடாட்சம் என்று இருந்துவிட்டாள்.

அதே வாரம் கடை வாசலில் தருமலிங்கம், வயலில் நத்தை ஏறி நாற்றைக் கடித்துத் தள்ளுகிறது என்று புலம்பினான். "ஏரி நெறைய நாரை கீது. என் வயல்ல நத்தை கீது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கவே இல்ல போல." எல்லோரும் சிரித்தார்கள். வேதவல்லி மட்டும் சிரிக்காமல் வீட்டுக்கு வந்து, சொந்த பைனாகுலரைத் துடைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நாரையைப் பார்ப்பதற்கென்றே கண்ணில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை, தூறலில், அவள் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் ஆக்னஸ் பரிசலில் மரத்தடிக்குப் போவது தெரிந்தது. தூத்துக்குடிப் பெண், முப்பது தாண்டியவள். பறவை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு நாலு வருடம் முன்பு வந்தவள். மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள், தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதவள், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் ஏரிக்குப் போகிறவள் என்று அவளைப் பற்றி வேதவல்லிக்கு எல்லாம் தெரியும். என்ன வேலை பார்க்கிறாள் என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆக்னஸ் கிளையிலிருந்து ஒரு நாரையைத் தூக்கி மடியில் வைத்தாள். முதுகைத் திறந்தாள், டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பதுபோல. உள்ளே ஊதினாள். துணியால் துடைத்தாள். நாரையின் தலை அதுபாட்டுக்கு இடமும் வலமும் திரும்பி ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்ததும் வேதவல்லி கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

"ஏன் பாப்பா, முதுகுல மூடி வச்சிருக்கறது இன்னாத்துக்கு?"

"யாரு முதுகுலக்கா?"

"நாரை முதுகுலதான். என் முதுகுலயா கேப்பேன்?"

ஆக்னஸின் டம்ளர் பாதி வழியில் நின்றது. வேதவல்லியைத் தெரிந்த எவரும் முதலில் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் அவளும் கேட்டாள். "யாருகிட்டயாச்சும் சொல்லிட்டீங்களாக்கா?"

"காலைலதானே பாத்தேன். இன்னும் வெளியே போவல."

ஆக்னஸ் டீயைக் கீழே வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். "நாரை தனியா ஒரு மரத்துல இறங்காதுக்கா. மேல பறந்து போகும்போது கீழ பாக்கும். ஏற்கெனவே நாலு குடும்பம் இருந்தாத்தான் அது நல்ல இடம்னு நம்பி இறங்கும். உங்க ஏரி மூணு வருசம் காலியா கிடந்துச்சுல்லா, அதுகளுக்கு மறந்துட்டு. பிறகு தண்ணி இருந்தும் பிரயோசனம் இல்ல. யாராச்சும் மொதல்ல உக்காரணும்."

"கல்யாணப் பந்தியில மொத எலையில ஒருத்தனும் ஒக்கார மாட்டான். அப்படியா?"

"அதேதான். நாங்க மொத எலையில பொம்மைய உக்கார வச்சோம். முந்நூத்திப் பத்து. நாப்பது பறக்கும், மத்தது சும்மா அலகைத் தட்டிக்கிட்டு இருக்கும்."

"அப்ப குஞ்சு?"

"மாசத்துக்கு ஒரு சைசு மாத்துவோம்."

வேதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை டூரிஸ்டுக்கு, போன மாசம் இத்தனூண்டு இருந்தது இப்போது பாருங்கள் என்று காட்டியிருக்கிறாள். "எங்ககிட்ட சொன்னா இன்னா கொறைஞ்சா போயிருக்கும்?"

"பொம்மைக்காக யாருக்கா வெடி போடாம இருப்பா? மதகை யாரு மூடிவைப்பா? நெசமான நாரை ஒண்ணு எட்டிப் பாக்குற அன்னைக்கு ஊரு அமைதியா இருக்கணும். என்னைக்குப் பாக்கும்னு தெரியாதே. அதனால எல்லா நாளும் நீங்க நம்பிக்கிட்டே இருக்கணும். மேல ஆபீசுல அப்படித்தான் முடிவு பண்ணாங்க. நானும் சரின்னுதான் சொன்னேன்."

"ஒண்ணாச்சும் வந்துச்சா?"

"இல்லக்கா. நாலு சீசன் போயிட்டு. இது அஞ்சாவது."

தருமலிங்கத்தின் நாற்று, மூடிக்கிடந்த மதகு, பரண்மேல் நமுத்துப்போன பட்டாசு என்று வேதவல்லியின் மனசு ஒவ்வொன்றாகத் தொட்டுச் சிரித்துக்கொண்டே போனது. போன வேகத்தில் ஒரு இடத்தில் முட்டி நின்றது. முகத்தில் சிரிப்பு இருக்க, கண் மட்டும் மாறியது.

"எப்ப வச்சீங்க?"

"நாலு வருசம் முன்னாலக்கா."

"வருஷம் தெரியும். தேதி சொல்லு."

இந்தக் கேள்விக்காக நாலு வருடம் காத்திருந்தவள்போல ஆக்னஸ் உடனே சொன்னாள். "ஐப்பசி இருபத்திரண்டு விடியக்காலம்."

"நீங்க வச்சீங்க. நான் பாத்துட்டு ஊரெல்லாம் ஓடிச் சொன்னேன்."

"ஆமாக்கா."

"அப்ப கார்த்திகை நாலு, அஞ்சாந் தேதியில மரத்துமேல..."

"ஒண்ணுகூட உசுரோட இல்ல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழவில்லை.

"எத்திராஜ் வந்து நின்னப்ப நீ மாடியிலதானே இருந்த."

"இருந்தேன்க்கா. சொல்லிரணும்னு இறங்கி வந்தேன். மூணாவது படியில நின்னுட்டேன். சொன்னா எல்லாம் போயிரும், ஊரு சிரிக்கும், ஏரி போயிரும்னு தோணிச்சு." ஆக்னஸின் குரல் இறங்கியது. "இன்னைக்கு வரைக்கும் அந்த மூணாவது படியிலதான் நிக்கேன்."

வேதவல்லி கத்தவில்லை. சீசனில் கத்திப் பழக்கம் இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துணி எடுக்கப் போகிறேன் என்று ஏற்கெனவே எடுத்து முடித்த மாடிக்குப் போனாள்.

இதுதான் அந்த இருபத்தோரு நாள் சங்கதி. ஆக்னஸுக்காக அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை, ஏரிக்காகவும் இல்லை. சொன்னால் ஊர் முதலில் சிரிக்கும், அப்புறம் கணக்குப் போடும், அப்புறம் அவளைத் திரும்பிப் பார்க்கும். சகுந்தலாவும் பார்ப்பாள். சகுந்தலாவின் புருஷனாவது உயிருள்ள நாரைக்காக வாய் மூடிப் போனான். யுவராஜ் எதற்காகப் போனான்? இந்த ஒரு கேள்வி அடுத்தவர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் ஊருக்குச் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

கார்த்திகை பிறந்த அன்று ஆக்னஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "லெட்டர் வந்துட்டுக்கா. தை மாசம் எல்லாத்தையும் கழட்டிரச் சொல்லிட்டாங்க. ஒரு நாரைகூட வரலைன்னா இந்தத் திட்டத்துக்கு அர்த்தம் இல்லையாம். சரணாலயப் போர்டையும் எடுத்துருவாங்கன்னு பேச்சு."

"நல்லதாப் போச்சு" என்றாள் வேதவல்லி. பிறகு, "நாலாந் தேதி அவன் போன நாளு. எனக்கு மேளம் வேணும்" என்றாள்.

ஆக்னஸ் நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "அன்னைக்குத் தருமலிங்கம் அண்ணாச்சி மக கல்யாணம். ஊரே டவுனுக்குப் போயிரும். சரணாலய வாட்சரையும் நான் அனுப்பிருதேன். ஏரிக்கரையிலேயே அடிக்கட்டும்க்கா. எவ்வளவு நேரம் வேணுமோ அடிக்கட்டும்."

நாலாம் தேதி காலை ஏழு மணிக்கு நாலு வேன்களும் கிளம்பிப் போயின. தலைவலி என்று வேதவல்லி படுத்துக்கொண்டாள். தெரு காலியானதும் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, யுவராஜின் போட்டோவை எடுத்துப்போய்க் கரைமேல் எல்லைக்கல்லில் சாய்த்து, சாமந்தி மாலை போட்டாள். கழுத்தில் பைனாகுலர் பழக்கதோஷத்தில் தொங்கியது. எத்திராஜ் அதே ஷேர் ஆட்டோவில் வந்தார். மீசை நரைத்திருந்தது. அதே மூன்று ஆட்கள்.

"நெசமா அடிக்கலாமாக்கா? மரம் பூரா கீதே" என்றார்.

"அத இவ பாத்துக்குவா" என்று கூட வந்திருந்த ஆக்னஸைக் காட்டினாள்.

ஆக்னஸ் போனை எடுத்தாள். "நிறுத்திரவாக்கா? பெரிய சத்தம் கேட்டா பயந்து எந்திரிக்குற மாதிரி அதுகளைப் பழக்கி வச்சிருக்கு. இன்னைக்காச்சும் அதுக நடிக்க வேண்டாம்."

வேதவல்லி தலையசைத்தாள். ஆக்னஸ் ஒரு விரலால் தொட்டாள். ஏரி முழுக்க அலகு தட்டும் ஓசை அறுந்து நின்றது. பாதி திரும்பிய கழுத்துகள் அப்படியே நின்றன. விரித்த சிறகு விரித்தபடி. கிளைக்குக் கிளை முந்நூற்றுப் பத்துப் பொம்மைகள்.

எத்திராஜுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கும் இதுங்கதான்."

அவர் குனிந்து வைக்கோலைப் பற்றவைத்து, தோலுக்குச் சூடு காட்டினார். தட்டிப் பார்க்கப் போன கையை நிறுத்திக்கொண்டார். முதல் அடி அவள் சொல்லித்தான் விழ வேண்டும் என்று நினைத்திருப்பார். நாலு பேரும் மேளத்தை இடுப்பில் சாய்த்து, கோலை உயர்த்தி, அவள் வாயைப் பார்த்தார்கள்.

வேதவல்லி வாயைத் திறந்தாள். 'அடி' என்ற சொல் நாக்குநுனி வரைக்கும் வந்தது.

சொத்தென்று எத்திராஜின் மேளத் தோல்மீது வெள்ளையாக ஏதோ விழுந்து வழிந்தது.

அவர் விரலால் துடைத்து முகர்ந்து முகம் சுளித்தார். அழுகின நத்தை வாடை. வேதவல்லியின் மூக்குக்கும் அது வந்தது. நாலு வருடமாக அவள் மாடிக்கொடியில் இல்லாத வாடை.

அவள் நிமிர்ந்து பைனாகுலரை வைத்தாள். வாயில் ஒரு குச்சியோடு, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, ஒரு நாரை ஏரிமேல் போய்க்கொண்டிருந்தது. நடு மரத்தில் இறங்கப் பார்த்தது. கிளை தவறி, தடுமாறி, சிறகடித்து மறுபடி ஏறியது. இந்த நாலு வருடத்தில் எந்த நாரையும் அங்கே கால் தவறியதில்லை. நிலையாக நின்றதும் குச்சியைக் கவட்டையில் வைத்தது. வைத்ததைத் திருத்தி வைத்தது. பிறகு பக்கத்திலிருந்த நாரையை எட்டிப் பார்த்து, அதன் முதுகை அலகால் மெல்லத் தட்டியது. பதில் வரவில்லை. இன்னொரு தடவை தட்டியது.

"பாப்பா, ஒண்ணு ஆடுது."

"எல்லாத்தையும் நிறுத்திட்டேனேக்கா."

வேதவல்லி பைனாகுலரைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். ஆக்னஸ் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். 

"போனைத் தொடு, எல்லாம் ஆடட்டும்" என்றாள் வேதவல்லி. "சீக்கிரம் தொடு. ஊரே செத்துக் கெடக்குதுன்னு அது நெனச்சிக்கப் போவுது."

ஆக்னஸ் தொட்டாள். கழுத்துகள் திரும்பின, அலகுகள் தட்டின. நடு மரத்து நாரை நிதானமடைந்து, குச்சியை மறுபடி திருத்தியது.

"அக்கா," ஆக்னஸ் கண்ணைத் துடைக்காமலே சொன்னாள். "நீங்க அடிக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணையும் பாக்கலைன்னு வச்சுக்கிடுதேன். இதை நான் மனசாரச் சொல்லுதேன்."

வேதவல்லி போட்டோவைப் பார்த்தாள். அதில் அவன் எங்கேயோ ஆடிவிட்டு வந்த களைப்போடு இருந்தான். தலையில் பூ இதழ் ஒன்று ஒட்டியிருந்ததைப் போட்டோக்காரரும் கவனிக்கவில்லை, இவளும் இத்தனை நாள் கவனிக்கவில்லை. எல்லோர் வீட்டையும் உற்றுப் பார்த்தவள்.

"எத்திராஜு."

"சொல்லுக்கா."

"எடுத்துட்டுப் போயிடுப்பா."

எத்திராஜ் கோலை இறக்கவில்லை. "இது ரெண்டாவது தடவைக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எண்ணிச் சொன்னார். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நாலு கோலும் ஒன்றாக இறங்கின. தோலுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றன. எழுந்தன. மறுபடி இறங்கின. ஒரு சுற்று, இரண்டு சுற்று. வேகம் ஏறியது. நரம்பு புடைக்க, தோள் குலுங்க, அடிக்கிற கையைவிட அடிக்காமல் நிறுத்துகிற கைக்குத்தான் பலம் வேண்டும்போல நாலு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. ஒரு சத்தமும் இல்லை. ஈரமண்ணில் அவர்களுடைய வெறுங்கால்கள் அழுந்தி எழுவது மட்டும் லேசாகக் கேட்டது. கடைசி ஆள் மேளத்தை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தார். யுவராஜ் ஆடுவதுபோலவே ஒரு காலை மடக்கி, கையை வானத்துக்கு வீசி, வாயைத் திறந்து, விசில் வராத விசில் அடித்து ஆடினார்.

வேதவல்லி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அழுத்திக் கடிக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வேன்கள் திரும்பி வந்தன. தருமலிங்கம் பெண்ணுக்குப் போட்டது எத்தனை பவுன், பந்தியில் பாயசம் யார் வரையில் வந்தது என்றெல்லாம் விவரத்தோடு தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு சகுந்தலா எதிர்வாசலுக்கு வந்தாள். வேதவல்லி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தலைவலி விட்டுச்சா?"

"ம்."

"ஊர்ல இன்னா விசேஷம்?"

"ஒண்ணும் இல்லடி" என்றாள் வேதவல்லி.

நாரைத்தாங்கலின் சரித்திரத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சகுந்தலா சந்தேகமாகக் குனிந்து பார்த்தாள். நாக்கை நீட்டச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது வேதவல்லியின் மடியில் கிடந்த முந்தானைத் தலைப்பு அவள் கண்ணில் பட்டது. கசங்கி, ஈரம் காயாமல், பல் பதிந்து நூல் பிரிந்திருந்தது. அந்தக் கசங்கலை அவளுக்குத் தெரியும்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தலைப்பை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, விரலால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தாள். பிறகு தாம்பூலப் பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.